படம் ஐந்தில் இருந்த கோடுகள்

காலை ரயிலில் ஏறுவதற்கு முன்னால் அக்கா வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு முறை மணி அடித்ததும் நிறுத்திவிடுவார். பிறகு கைப்பேசியைப் பார்த்தபடி பிளாட்பாரத்திலேயே நிற்பார். வீட்டிலிருந்தும் அதே போல இரண்டு முறை அடித்து ஓய்ந்த பிறகுதான் பெட்டியில் கால் வைப்பார். ஒருநாள் பதில் வரத் தாமதமாகி ரயில் நகரத் தொடங்கிவிட்டது. நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஏறிய பிறகும் அவர் கைப்பேசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பங்காரப்பேட்டை வருவதற்குள் வீட்டிலிருந்து இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. அப்புறம்தான் என்னிடம் பேசினார்.

எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. என் அம்மாவும் கடைக்கு அனுப்பும்போது, “ரெண்டு பால், ஒரு தயிர், கொத்தமல்லி” என்பாள். நான் அதையே ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பை என் கைக்கு வரும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அப்படி யோசிக்காமல் இருந்ததால் வந்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்காவின் சம்மதம் உண்டு. பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அக்கா எனக்கு உறவு இல்லை, ரயில் சிநேகம். எங்கள் ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில் வீடு, கே.ஆர்.புரத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டர் வேலை. என் வீடு அதே ஊரின் ராபர்ட்சன்பேட்டையில். நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு, காப்புரிமை முகவர் தேர்வும் எழுதித் தேறியவள். ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால், அது உண்மையில் புதியதுதான் என்று அவருக்காகக் காப்புரிமை அலுவலகத்தோடு எழுத்தில் வாதாடுவது என் தொழில். அதில் பாதி நேரம் பட்டியல் போடுவதிலேயே போகும். எனக்கு அது பிடித்த வேலை. வீட்டில் மளிகைக்கும் பட்டியல் போடுவேன், துவைக்கப்போட்ட துணிக்கும் போடுவேன்.

அக்கா கண்டுபிடித்தது இதுதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய அவர்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வருவது ஒரு பொதுத் தொட்டியிலிருந்து. தொட்டியின் வால்வைத் திறக்கவும் மூடவும், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவும் அவரே ஒரு சின்னக் கருவி செய்து மாட்டியிருந்தார். அது பேட்டரியில் ஓடும், ரேடியோவில் பேசும். ‘வால்வைத் திற’ என்ற செய்தியை யார் வேண்டுமானாலும் காற்றில் அனுப்பலாம் என்பதுதான் சிக்கல். பக்கத்து லைனில் ஒரு கெட்டிக்காரன் இருந்தால் போதும், தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே செய்தியைப் பூட்டி அனுப்ப வேண்டும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் இரண்டு முனையிலும் ஒரே ரகசிய எண் இருக்கும். அதைச் சாவி என்பார்கள். ஒரே சாவியை நாள் முழுக்கப் பயன்படுத்தினால் யாராவது ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அக்காவின் கருவி ஒவ்வொரு செய்திக்கும் சாவியை மாற்றிக்கொள்ளும். அதற்கு அவர் வைத்திருந்த கணக்கு சின்னது. மலிவான மின்னணுச் சில்லிலும் ஓடும், பேட்டரியைத் தின்னாது.

இதையெல்லாம் அவரே எழுதி, படங்களும் வரைந்து, முகவர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் விண்ணப்பித்திருந்தார். அப்போது எங்களுக்குள் பழக்கம் இல்லை. விண்ணப்பம் வழக்கம்போல வெளியிடப்பட்டது. அதாவது, உலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். சில காலம் கழித்து ஆய்வு அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் ஒருநாள் ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ இந்த வேலைதான பாக்குறே? இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லு.”

படித்தேன். ஒன்பது ஆட்சேபணைகள். பதில் சொல்ல ஆறு மாதம் தவணை. சரியான பதில் இல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

“நிராகரிச்சா திரும்பப் போடலாமில்ல?”

“போட முடியாதுக்கா. உங்க விண்ணப்பமே வெளியாயிடுச்சு. இனிமே அது பழசு. நீங்க எழுதினதே உங்களுக்கு எதிரா நிக்கும்.”

“அப்போ?”

“யார் வேணா செஞ்சுக்கலாம். உங்களைக் கேக்க வேண்டியதில்ல.”

“நாலு வருஷம்” என்று மட்டும் சொன்னார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். “சரி, லிஸ்ட்டு போடு.”

எனக்கு அந்த அறிக்கையை எழுதிய ஆய்வாளர் யார் என்று தெரியாது. முகம் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒன்பது பத்திகளையும் திரும்பத் திரும்பப் படித்ததில் அவரை ஓரளவு தெரியும் என்றே நினைக்கிறேன். என் தொழிலில் அலட்சியமான அறிக்கைகளும் வரும். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்காமலே ‘இது புதிதல்ல’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் படித்திருந்தார். அக்கா கூட்டலில் செய்திருந்த ஒரு பிழையை, மதிப்பெண் குறைக்காத வாத்தியார் மாதிரி, அடைப்புக்குறிக்குள் திருத்திவைத்திருந்தார். அவர் எடுத்துக்காட்டிய இரண்டு பழைய கண்டுபிடிப்புகளும் அக்காவுடையதற்கு உண்மையிலேயே நெருங்கியவை. எதிரில் நிற்பவர் இவ்வளவு கவனமானவராக இருப்பதில் எனக்குப் பயமும் இருந்தது, ஒரு திருப்தியும் இருந்தது.

ஒன்பதையும் அட்டவணையாக்கினேன். ஆட்சேபணை, கனம், பதில் என்று பத்தி பிரித்தேன். கனம் என்ற பத்தியில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று குறித்தேன். ‘ஏற்கெனவே உள்ளதே’ என்ற முதலாவது, பெரியது. ‘வெறும் கணக்குமுறைக்குக் காப்புரிமை கிடையாது’ என்ற மூன்றாவதும் பெரியது. கடைசி ஆட்சேபணை படங்களைப் பற்றியது. அதைச் சிறியது என்று எழுதி, பட்டியலின் அடியில் போட்டேன்.

தினமும் போகும்போதும் வரும்போதும் அதே வேலை. எங்களுக்கு எதிரில் உட்காரும் பெண்மணி ஒரு ஆயத்த ஆடை ஆலையில் சூப்பர்வைசர். எங்களைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாமே, தினமும் பேப்பரும் கையுமா? எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க ரெண்டு பேரும்?”

“பரீட்சை எழுதி முடிச்சாச்சும்மா. ஃபெயிலுன்னு வந்துக்கீது,” என்றார் அக்கா.

“அய்யய்யோ. எத்தினி சப்ஜெக்ட்ல?”

“ஒம்பதுல.”

“மொத்தமே எத்தினி?”

“ஒம்பது.”

சூப்பர்வைசர் அம்மா இட்லியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். “அப்போ வாத்தியாரு சரியில்லமே.”

“வாத்தியாரு நல்ல வாத்தியாரும்மா. அதான் பிரச்சனையே.”

மூன்றாவது ஆட்சேபணைக்குப் பதில் எளிதாகவே வந்தது. கருவிக்குக் கடிகாரம் தேவையில்லை, குறைந்த நினைவகமே போதும், பேட்டரி நீடிக்கும் என்பதையெல்லாம் அக்கா லேபில் அளந்து வைத்திருந்தார். வெறும் கணக்கு இல்லை, ஒரு கருவி சிறப்பாக வேலை செய்கிறது என்று காட்ட அது போதும். ஆறாவதில்தான் மாட்டிக்கொண்டோம். ஆய்வாளர் கேட்டிருந்த கேள்வி இது: ஒரு செய்தி வழியில் தொலைந்துபோனால் அனுப்பிய முனை சாவியை மாற்றிக்கொள்ளும், பெறாத முனை மாற்றாது, அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாது. இதற்கு என்ன வழி என்று விண்ணப்பத்தில் எங்கும் இல்லை.

அந்தக் கேள்வியைப் படித்தபோது, முதலில் எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. தொலைந்தால் எப்படி மாறும், மாறாதே என்று தோன்றியது. விண்ணப்பத்தை மறுபடி திறந்து, மாறாது என்று எழுதியிருக்கும் வரியைத் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை. அதுவரை மூன்று முறை படித்திருந்தேன். மூன்று முறையும் அந்த வரி அங்கே இருப்பதாகவே நினைத்துப் படித்திருக்கிறேன்.

“அக்கா, சாவியை மாத்தறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வரணுமில்ல?”

“ஆமா.”

“அதை எழுதவே இல்லையே.”

“அதை எதுக்கு எழுதணும்?” அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். “பெல்லு திரும்பி அடிக்காம எவன் கேஜை எடுப்பான்?”

அவர் அப்பா எங்கள் ஊர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்கள் இறங்கி ஏறும் கூண்டை, அதாவது கேஜை, மேலே இருந்து இயக்கும் இயந்திரம் அது. ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது தெரியாது, மணிதான் கண். கீழேயிருந்து எத்தனை மணி வருகிறதோ, அத்தனையும் மேலேயிருந்து திரும்பிப் போக வேண்டும். எண்ணிக்கை பொருந்தினால்தான் கூண்டு நகரும். பொருந்தாவிட்டால் நகராது, யார் கத்தினாலும் நகராது. சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவர்கள்கூட எங்கள் ஊரில் இதை அறிவார்கள். அறிவார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. திருப்பிச் சொல்லாமல் நகரக் கூடாது என்பது எங்களுக்கு மூச்சு விடுவது போல. செய்முறை எழுதும்போது ‘மூச்சு விடவும்’ என்று யாரும் எழுதுவதில்லை. அக்கா எழுதவில்லை. நானும் அதே ஊர்க்காரி. எழுதாததை நானும் கவனிக்கவில்லை. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆய்வாளர்தான் கேட்டார்.

அந்த இடத்தில்தான் கண்டுபிடிப்பே இருந்தது. அக்காவின் முறையில், பெறுகிற முனை வந்த செய்தியிலிருந்து ஒரு சின்ன எண்ணைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும். அனுப்பிய முனை தன்னிடம் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடும். பொருந்தினால், அந்த எண்ணையே பழைய சாவியோடு கலந்து இரண்டு முனையும் புதிய சாவியைச் செய்துகொள்ளும். பொருந்தாவிட்டால் சாவி மாறாது. ஆய்வாளர் காட்டிய இரண்டு பழைய கண்டுபிடிப்புகளிலும் இது இல்லை. இதை எழுதியிருந்தால் முதல் ஆட்சேபணையே வந்திருக்காது.

“அப்போ இப்போ எழுதிடு. ரெண்டு வரிதான?”

“முடியாதுக்கா.”

“ஏன் முடியாது? உண்மைதான அது?”

“உண்மையா இருந்தாலும் முடியாது. விண்ணப்பம் போட்ட அன்னைக்கு அதுல இன்னா இருந்துச்சோ, அதுக்குள்ளதான் திருத்தலாம். புதுசா ஒண்ணு சேத்தா சட்டம் ஒத்துக்காது. இல்லாட்டி எல்லாரும் அப்புறமா யோசிச்சு யோசிச்சுச் சேத்துகினே இருப்பாங்க.”

அன்று மாலை ரயிலில் சூப்பர்வைசர் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனில் அக்கா வீட்டுக்குப் போனேன். மூலப் பிரதியை மேசையில் பரப்பி ஒரு வரிகூட விடாமல் தேடினோம். பொழுது மதியத்தைத் தாண்டியது. ‘பதில்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நான் வழக்கம்போல என் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். வேலை ஓடாதபோது பட்டியலைச் சரிபார்ப்பது என் பழக்கம்; அதனால் எப்போதாவது பலனும் உண்டு. எட்டு வரைக்கும் பதில் எழுதியிருந்தேன், அல்லது பதில் இல்லை என்று எழுதியிருந்தேன். ஒன்பதாவதை மட்டும் தொடவே இல்லை. சிறியது என்று ஒதுக்கியிருந்தேன் அல்லவா? அறிக்கையை எடுத்து அந்தப் பத்தியை முழுதாகப் படித்தேன்.

“படங்கள் 4, 5 ஆகியவற்றில் அம்புக்குறிகளின்மேல் சிறு கோடுகள் உள்ளன. இரு படங்களிலும் திரும்பிவரும் அம்பின்மேல் உள்ள கோடுகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது. இவற்றின் பொருள் விளக்கப்படவில்லை.”

திரும்பிவரும் அம்பு.

படங்களை எடுத்தோம். படம் நான்கில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒரு அம்பு போகிறது. அதன்மேல் மூன்று கோடு. அங்கிருந்து ஒரு அம்பு திரும்பிவருகிறது. அதன்மேலும் மூன்று கோடு. திரும்பிவந்த அம்பிலிருந்து ஒரு கிளை கீழே இறங்கி ‘புதிய சாவி’ என்ற கட்டத்துக்குள் போகிறது. படம் ஐந்தில் போகும்போது மூன்று கோடு, திரும்பும்போது இரண்டே கோடு. அங்கே கிளை இல்லை. ‘புதிய சாவி’ கட்டத்தின் குறுக்கே பெருக்கல் குறி.

“இதை நீங்கதான வரைஞ்சீங்க?”

“நான்தான். மணியை வேற எப்படி வரையறது? எங்கப்பா செவுத்துல அப்படித்தான் கோடு போட்டு வெப்பாரு.” அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அட, வரைஞ்சுதான் வெச்சிருக்கேன் பாரேன்.”

நான் அட்டவணையில் ஒன்பதாவதற்கு எதிரே இருந்த ‘சிறியது’ என்பதை அடித்தேன். அந்த ஆய்வாளர் ஆறாவது பத்தியில் கதவைச் சாத்திவிட்டு, ஒன்பதாவதில் சாவியை மாட்டி வைத்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரா, தெரியாது. பார்த்ததை எல்லாம் பார்த்தபடி எழுதுகிறவர் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு அந்தக் குணத்தின்மேல் இருக்கும் மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டு எழுதும் உரிமைக் கோரல்கள் விண்ணப்பத்தில் பதினொன்று; அவற்றில் எட்டை நீக்கினோம். அக்காவுக்கு மனசே இல்லை. “எட்டையா வெட்டுறே?” என்றார். “அந்த எட்டும் நிக்காது. மீதி மூணையும் சாய்ச்சிடும்,” என்றேன். திரும்பி வரும் எண்ணைச் சுற்றியே மூன்றையும் எழுதி அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து நேர்விசாரணைக்குத் தேதி வந்தது. ஆய்வாளருக்கு மேலுள்ள அதிகாரி கேட்டு முடிவு செய்வார். வீடியோவில்தான். அன்றைக்கு இரண்டு பேரும் விடுப்புப் போட்டோம். அக்காவின் வீட்டிலேயே லேப்டாப்பை வைத்தோம்.

வீட்டில் இருந்தது அவர் அப்பா மட்டும்.

“அப்பா, பதினோரு மணிக்கு டிவி போடாத.”

“இன்னாத்துக்கு? கோர்ட்டா?”

“கோர்ட்டு மாதிரி.”

“நீ இன்னா தப்பு பண்ணே?”

“எழுத வேண்டியதை எழுதாம வுட்டேன்.”

“எழுதாம வுட்டா தப்பா? எழுதிக் குடுத்தவன்தான மாட்டுவான்,” என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அது முதல் விசாரணை. கையில் நான்கு பதில்கள் எழுதிய தாள் இருந்தது. அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். குரலில் கடுமையும் இல்லை, சலுகையும் இல்லை. நேராகப் படங்களுக்கு வந்தார். இந்தக் கோடுகளுக்கு இப்போது ஒரு பொருள் சொல்கிறீர்கள், விண்ணப்பித்த அன்று அதே பொருள்தான் இருந்தது என்று நான் எப்படி நம்புவது, தேவைக்கு ஏற்ற விளக்கத்தை இப்போது கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் என் தாளில் முதலாவதாக இருந்ததைச் சொன்னேன். அறிக்கையின் ஒன்பதாம் பத்தியில் உங்கள் ஆய்வாளரே அதைத் திரும்பிவரும் அம்பு என்கிறார். கோடுகளை எண்ணியும் இருக்கிறார். விளக்கம் இல்லாமலே அவருக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது. அதிகாரி குறித்துக்கொண்டார். இரண்டாவதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைத் தொட்டார்.

“மேடம், நான் விளக்கம் எதுவும் சொல்லல,” என்று நிதானமான ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், நாங்கள் இன்று சொன்னதையும் மறந்துவிடுங்கள், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் பார்ப்பதை நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு அதிகாரியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் வேறு மாதிரிப் படித்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. என் பட்டியலில் இப்படி ஒரு பதிலே இல்லை. இருந்திருந்தால் ஆபத்து என்று எழுதி அடித்திருப்பேன்.

திரையில் அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ பிளாஸ்டிக் குடத்தைக் குழாயடியில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மெதுவாகப் படித்தார். மூன்று போகிறது. மூன்று திரும்புகிறது. திரும்பிய மூன்றிலிருந்து புதிய சாவி வருகிறது. அடுத்த படத்தில் மூன்று போகிறது. இரண்டு திரும்புகிறது. சாவி வரவில்லை.

அக்கா ஒன்றும் சேர்க்கவில்லை. “தேங்க்யூ மேடம்,” என்றார், அவ்வளவுதான். நான் என் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடம் லேபில் மாணவர்கள் தாங்களே அளவைப் படித்துச் சொல்லும்வரை காத்திருந்த ஒருவரால்தான் அந்த இடத்தில் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்.

விசாரணையில் சொன்னதை எழுத்திலும் கொடுத்தோம். அதன் பிறகு காத்திருப்புதான். நான் தினமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு வியாழக்கிழமை அந்த வரி மாறியிருந்தது. மூன்று உரிமைக் கோரல்களோடு காப்புரிமை வழங்கப்பட்டது என்று ஆணை. கோடுகளின் பொருள் படங்களிலிருந்தே தெளிவாகிறது என்று ஒரு வாக்கியம். அதை இரண்டு முறை படித்துவிட்டு அக்காவை அழைத்தேன். லேபில் இருந்தார், பின்னால் மாணவர்களின் இரைச்சல்.

“அக்கா, கிராண்ட் ஆயிடுச்சு. மூணு கிளெய்மும்.”

நான் காத்திருந்தேன்.

“கிராண்ட் ஆயிடுச்சு,” என்றார் அவர். “மூணு கிளெய்மும்.”

“ஆமாக்கா.”

“சரி. சாயந்தரம் ரயில்ல பாக்கலாம். அந்த சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஆரஞ்சு வாங்கியாந்துடு.”

“ஆரஞ்சு,” என்றேன்.

அப்புறம்தான் போனை வைத்தார்.